மூலையில் ஒரு குடை

ஜனவரி 9

மாப்ளே,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. என் தங்கை சமைத்துப் போடும்போது உன் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

உன்னிடம் ஒரு வேலை கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொள்கிறேன். நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து எழுதுகிறேன். நீ கூடவே இருந்தவன். எங்கே பிசகுகிறேனோ அங்கே சிவப்புப் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பு. வெட்கப்படாமல் குறி. அச்சுப்பிழை பார்க்கிற மாதிரி பார்.

நானும் நீயும் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தோம். முதல் மாடி. கீழே பெயின்ட் கடை. மழை பெய்தால் டர்ப்பன்டைன் வாடை படியேறி வந்துவிடும். ஆறாவது வருஷம் நீ என் தங்கையைக் கட்டினாய். அதுவரை உன்னை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

அலுவலகத்து விதி இது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எழுதினால், அந்தப் பொருளில் யாரோ அச்சில் எழுதிய தமிழ் வாக்கியத்தைச் சான்றாகக் காட்ட வேண்டும். நாமாக வாக்கியம் பண்ணக் கூடாது. சான்று அகப்படவில்லையா, பொருளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அகப்பட்டதைச் சீட்டில் தட்டச்சு செய்து தேதி போட்டு, மூலையில் கண்டெடுத்தவன் பேனாவால் தன் அடையாளத்தை வரைய வேண்டும். என் அடையாளம் ஒரு சின்னக் குடை. உன்னுடையது வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அதை முட்டைக்கண் என்று நான் கேலி செய்வேன், நீ முறைப்பாய்.

போன வருஷம் அகராதி வெளியானது. ஜூலையில் ஒருவர் கடிதம் போட்டார். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். 'சவுண்ட்' என்ற சொல்லில், நீரின் ஆழம் பார்த்தல் என்ற பொருளுக்குக் கீழே 'மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தனர்' என்று ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்களே, அதை எடுத்த 'கடல்வழிக் கையேடு' எங்கே கிடைக்கும், வாங்கிப் படிக்க ஆசை என்று கேட்டார். மனுஷன் குறை சொல்லவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். நாம் தேடினோம். அப்படி ஒரு புத்தகமே இல்லை. வாக்கியத்தை யாரோ சொந்தமாகச் செய்திருக்கிறார்கள். சீட்டை எடுத்துப் பார்த்தால் மூலையில் குடை.

தலைமைப் பதிப்பாசிரியர், நம் பெரிய மேடம், எல்லோரையும் கூப்பிட்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார்கள். "இது உங்க குடைதானே?"

"என்னுதுதான் மேடம். ஆனா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றேன்.

நீ ஒருத்தன்தான் வாயைத் திறந்தாய். "அவருக்குக் கொஞ்ச நாளாவே மறதி மேடம். வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்" என்றாய்.

அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை பார். பொய்யன் என்ற பெயரோடு வெளியே போயிருக்க வேண்டியவன், மறதிக்காரன் என்ற பெயரோடு போனேன். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் அப்பா கடைசிக் காலத்தில் குழாயைத் திறந்துவிட்டு 'இது யார் வீடு' என்று நின்றது உனக்குத் தெரியும். எனக்கும் ஆரம்பித்துவிட்டது, வேறென்ன. இப்போது டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று. மாப்பிள்ளைப் பையன், என் மகளின் கணவன், பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறான். எனக்குக் கூனிக் குறுகிப் போகிறது.

இனி வேலை. இரண்டாம் பதிப்பு தயாராகிறதாமே. குடை போட்ட சீட்டுகள் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கும். ஒவ்வொன்றையும் எடு. மூலப் புத்தகம் கையில் கிடைக்காத எதையும் தூக்கி எறி. ஒன்று செய்தவன் இன்னும் எத்தனை செய்து வைத்தானோ! யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை என் பொய்யை மனப்பாடம் பண்ணுகிறது என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு சீட்டை மட்டும் எனக்கு அனுப்பிவை. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் நினைவு வருகிறதா என்று பார்க்கிறேன்.

மச்சான்


ஜனவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இல்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இப்படியெல்லாம் உங்களைப் போட்டு வாட்டிக்கொள்ள வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது. மனித மூளைதானே, எல்லோருக்கும் வருவதுதான்.

நான் இரண்டாம் பதிப்புக்காக மறுபடியும் அந்தச் சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் 'சவுண்ட்' ஒரே சொல். உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள். ஓசை என்ற பொருள் லத்தீனில் கிளம்பிப் பிரெஞ்சு வழியாக வந்தது. கடைசியில் இருக்கிற 'ட்' முதலில் கிடையாது, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. குறையில்லாத, திடமான என்ற பொருள் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. ஜெர்மன்காரர்கள் ஆரோக்கியமாக இருப்பதற்கு இன்றைக்கும் அதன் உடன்பிறப்பைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள கடல் என்ற பொருள், நீச்சலுக்கு இருந்த பழைய சொல்லோடு சேர்ந்தது. நாலாவது ஆழம் பார்த்தல். அது பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே தகராறு. ஒரே வீட்டில் நாலு குடித்தனம், ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை, வாசலில் மட்டும் ஒரே பெயர்ப்பலகை என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள். முன்னுரையில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

நீங்கள் கேட்ட சீட்டு மேடத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. எடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது? 'சவுண்ட்' பக்கத்தை மூடியது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வியாழன், நீங்கள் அலுவலகம் வந்தீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, பழைய விஷயங்கள் ஏதாவது திடீரென்று நினைவுக்கு வருகின்றனவா என்றெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நீங்கள் அவளுக்குத் தனியாக எழுதுவதில்லை என்று குறைப்படுகிறாள்.

உங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை


பிப்ரவரி 2

மாப்ளே,

என்ன இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி 'அன்புள்ள மச்சானுக்கு'? உனக்கு என்ன ஆயிற்று?

நாலு குடித்தனம் நான் சொன்னதா? சொன்னேன், நினைவிருக்கிறது. ஆனால் முன்னுரையில் போடாதே. என் பேச்சு எதுவும் அந்தப் புத்தகத்தில் வேண்டாம்.

டாக்டரிடம் போனேன். மகள் அழுது அழைத்துக்கொண்டு போனாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, ஊர்க்கதை பேசி, திடீரென்று திருப்பிக் கேட்டார். ஐந்தையும் சொல்லிவிட்டு, அதில் இரண்டு வடமொழி என்றும் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார். என்னைவிட நல்லாருக்கீங்க" என்றார்.

"டாக்டர், உங்களுக்குச் சீட்டு விஷயம் தெரியாது" என்றேன்.

முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஒருவேளை உடனே தெரியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பாவம், அவரும் என்ன செய்வார்?

வியாழக்கிழமை கேட்டாயே. அன்றைக்கு நான் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை வீங்கின கன்னத்தோடு வந்தேன். நீ நிமிர்ந்து பார்த்து "என்ன மச்சான், ஒரு பக்கம் மட்டும் பலூன்?" என்றாய். மேடம்கூடச் சிரித்தார்கள். என் நினைவு இதுதான். ஆனால் நீ இதை நம்பாதே. சீட்டில் அந்த வியாழக்கிழமைத் தேதிதான் அடித்திருந்தது, மேடம் மேசையில் நானே பார்த்தேன். அப்படியானால் நான் வந்திருக்கத்தான் வேண்டும். பல் பிடுங்கியது வேறு ஏதோ வாரம். பார்த்தாயா, நடக்காத ஒரு நாள் எவ்வளவு சுத்தமாக என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது! பலூன் வரைக்கும். இதைத்தான் டாக்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேத்தி பிறந்து நாற்பது நாள். மூக்கு அவள் பாட்டியுடையது, என் புண்ணியவதியுடையது. நான் தூக்கவில்லை. மகள் கொண்டுவந்து நீட்டினாள். "வேண்டாம்மா, சளி பிடிச்சிருக்கு" என்றேன். சளி எல்லாம் இல்லை. கையில் வைத்திருக்கும்போதே, கையில் என்ன இருக்கிறது என்பது மறந்துவிட்டால்? தொட்டிலில் கிடக்கும்போது மட்டும் போய்ப் பார்க்கிறேன். அது என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரிக்கிறது.

இதனுடன் மேடத்துக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் தொகுத்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி. உன் கையால் கொடுத்துவிடு. என் சார்பில் கொடுக்க உன்னைவிட்டால் யார்?

மச்சான்


பிப்ரவரி 12

மச்சான்,

குழந்தையைத் தூக்குங்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், தூக்குங்கள். உங்களுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது சரி.

மேடம் வெளியூர் போயிருக்கிறார்கள். கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை


பிப்ரவரி 19

மாப்ளே,

இரக்கப்பட்டு எழுதாதே. இரக்கம் என்றால் எனக்கு ஒவ்வாது, உனக்குத் தெரியும். 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்கிறாயே, என்ன சான்று வைத்துச் சொல்கிறாய்? அன்று மேடத்திடம் மறதி என்று சொன்னதும் நீதான். மாற்றி மாற்றிப் பேசினால் நான் எதைப் பிடித்துக்கொள்வேன்?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மகளுக்கு விடுப்பு முடிகிறது. இந்த வீட்டில் குழந்தையோடு என்னை விட்டுவிட்டு அவள் எப்படி வேலைக்குப் போவாள்? என்னிடம் சொல்லவில்லை, ஆனால் வெளியே போகும்போதெல்லாம் கேஸ் அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சாவிக்கொத்தை நானே பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்துவிட்டேன். இங்கிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. கட்டில், அலமாரி, ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. என்னைவிட நாலு வயது பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். மார்ச் ஒன்றாம் தேதி போகிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனால் நிலைமை கைமீறிப் போகும் வரை காத்திருந்து மகள் வாயாலேயே 'போங்கப்பா' என்று சொல்ல வைக்க எனக்கு மனசில்லை.

என் தங்கையிடம் நீயே பக்குவமாகச் சொல். அவள் அழுதால் நான் தாங்க மாட்டேன்.

மச்சான்


பிப்ரவரி 23

மச்சான்,

இல்லத்துக்குப் போகாதீர்கள். கடிதத்தில் மீதி என்ன எழுதியிருந்தாலும் சரி, பாதியில் கிழித்துப் போட்டாலும் சரி, அங்கே மட்டும் போகாதீர்கள். அந்தச் சீட்டை நான்தான் செய்தேன்.

எழுதிவிட்டேன். ஏழு மாதமாக எழுத வராத வாக்கியம்.

சீட்டு மேடத்தின் அலமாரியில் இல்லை. என் மேசை டிராயரில்தான் இருந்தது. கூட்டம் முடிந்ததும் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். இதனுடன் அனுப்பியிருக்கிறேன். குடையின் கைப்பிடியைப் பாருங்கள். வலப்பக்கம் வளைந்திருக்கிறது. நீங்கள் இடது கைக்காரர். மூவாயிரம் சீட்டிலும் உங்கள் குடை இடப்பக்கம்தான் வளையும், நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை. அடுத்தவன் செய்திருப்பான் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. உங்கள்மேல் சந்தேகப்படத்தான் தோன்றியது.

வியாழக்கிழமை நீங்கள் வரவில்லை. பல் பிடுங்கத்தான் போனீர்கள். பலூன் என்று நான் சொன்னது நிஜம். உங்கள் தலைக்குள் இருக்கிற ஒரு நாள்கூடப் பொய்யில்லை.

'சவுண்ட்' என் சொல். நாலு வாரம் அதிலேயே கிடந்தேன். நாலு குடித்தனத்துக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சான்று பிடித்துவிட்டேன், ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் பக்கத்தை மூடப் போகிறேன் என்று தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். உங்களிடமும்தான். நிஜத்தில் ஒன்று அகப்படவில்லை. கடலின் ஆழம் பார்த்தலுக்கு வாக்கியம் இல்லை. நட்சத்திரம் போட்டிருந்தால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? அகராதியில் நூற்றுக்கணக்கில் நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் என் வாயால் சொல்லிவிட்டேனே என்று எனக்கு வீம்பு. எதிர் மேசையில் நீங்கள் இல்லை. இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். தட்டச்சில் ஒரு வாக்கியம் அடித்தேன். புத்தகத்துக்கு ஒரு பெயர் வைத்தேன், பக்கம் 61 என்று போட்டேன். என் முட்டைக்கண் போட்ட இரண்டு சீட்டுகளை அந்த மாதம் மேடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கப்பல், கடல் என்று பழைய புத்தகக் கடைகளில் அலைவது நீங்கள். குடையைப் பார்த்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஒரு வளைவு, ஒரு கொக்கி. இரண்டு நொடி வேலை.

அது திருட்டு. அதைக்கூட என்றாவது ஒருநாள் உங்களிடம் அசடு வழிந்துகொண்டே சொல்லியிருப்பேன், நீங்கள் இரண்டு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அடுத்தது அப்படியில்லை. மேடம் கேட்டபோது நீங்கள் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, நேர்மையாகத் தேடினீர்கள், உங்களுக்குள்ளே. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நான்தான் மேடம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது வேறு வாக்கியம். அதை நீங்கள் உபகாரம் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் உண்மையை எழுதவில்லை. ஜனவரியில் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, வியாழக்கிழமை வந்தீர்களா என்றெல்லாம் கேட்டு எழுதினேனே, நான் உங்கள் நலம் விசாரிக்கவில்லை மச்சான், உங்களை ஆழம் பார்த்தேன். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று. நீங்கள் பல் பிடுங்கிய நாளை அவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டு, உங்கள் நினைவை நீங்களே அடித்துத் திருத்திக்கொண்டீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது. அடுத்த பத்தியில் குழந்தையைத் தூக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

மேடம் வெளியூர் போனார்கள் என்றதும் பொய். அடுத்த அறையில்தான் இருந்தார்கள். உங்கள் பெயரை எடுக்கச் சொன்ன கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலை உங்கள் தங்கையிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உன்கிட்டதான் மொதல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் எதாவது தொலைச்சேனா?"

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவர்கள் கதவு வரை போய்த் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்களோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் மச்சான். சர்க்கரை டப்பாவில் ஒட்டியதைக் கிழித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இரண்டு வாரம் ஆயிற்று. மறந்துபோய் அல்ல.

இல்லத்துக்குப் போகவில்லை. கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், டப்பாக்களில் ஒட்டியதையெல்லாம் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். சில டப்பாவில் பசை போகவே இல்லை. அப்படியே இருக்கிறது.

அன்றே குழந்தையைக் கேட்டேன். கொண்டுவந்தாள். கோபத்தோடு குழந்தையைத் தொடக் கூடாது என்று பட்டது. அதனால் அன்றைக்கும் தூக்கவில்லை. மறுநாள் காலையில் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து தூக்கியிருந்தால் ஒரு பூவை வைத்திருக்கிற மாதிரி இருந்திருக்குமாம், மகள் சொன்னாள். அறுபத்தெட்டு நாள். அந்தக் கனம் எப்படி இருக்கும் என்பது எனக்கு இனித் தெரியப் போவதில்லை.

சீட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாக்கியம் கெட்டது, அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். வாக்கியமும் ஒன்றும் மோசமில்லை. நான் கேட்பது இன்னொரு வாக்கியத்தை. 'அவருக்குக் கொஞ்ச நாளாவே மறதி.' அதற்கு உங்களிடம் என்ன சான்று இருந்தது? பத்தொன்பது வருஷம் சான்று இல்லாமல் ஒரு வரி எழுதாதவர் நீங்கள். அதற்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லையே. என் அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் குழாயடியில் நின்றபோது கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்ததே நீங்கள்தான். எனக்கு எங்கே வலிக்கும் என்பது தெரிந்த ஒரே வெளியாள். இல்லை, வெளியாளும் இல்லை.

மன்னிப்பு என்னிடம் இப்போது இல்லை. இருக்கிற மாதிரி நடிக்கவும் மாட்டேன். தங்கைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்களோடு பேசச் சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒரு வீட்டில் பேச்சு நிற்க வேண்டாம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தத் துறைமுகக்காரருக்கு எழுதுங்கள். மனுஷன் இன்னும் பழைய புத்தகக் கடைகளில் அந்தக் கையேட்டைத் தேடிக்கொண்டிருப்பார். அப்படி ஒன்று இல்லை என்று சொல்லுங்கள், யார் செய்தது என்றும் சொல்லுங்கள்.

இரண்டாவது, இதனுடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், மேடத்திடம் கொடுங்கள். மகளின் அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்து வந்தது. அதே சொல், அதே குடித்தனம், பக்கத்து அறை.

சவுண்ட், வினைச்சொல்.
பொருள்: ஒருவர் மனத்தில் உள்ளதை அவர் அறியாமல் அறிய முயலுதல், ஆழம் பார்த்தல்.
சான்று: 'நான் உங்கள் நலம் விசாரிக்கவில்லை மச்சான், உங்களை ஆழம் பார்த்தேன்.'
மூலம்: கடிதம், பிப்ரவரி 23, பக்கம் 3.

கடிதத்தின் அந்த மூன்றாம் பக்கத்தையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன், மேடம் சரிபார்க்க வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளட்டும். அச்சில் வந்ததுதான் வேண்டும் என்பது விதி. தள்ளினாலும் தள்ளுவார்கள். தள்ளட்டும். அவர்கள் படித்தால் போதும். மேசையில் வைத்துவிட்டு ஓடி வராமல், படித்து முடிக்கும் வரை நில்லுங்கள். நான் நின்றேன்.

மூலை காலியாக இருக்கிறது. கண்டெடுத்தவன்தான் அடையாளம் போட வேண்டும், அப்படிப் பார்த்தால் அங்கே என் குடை வர வேண்டும். பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன்.

முட்டைக்கண்ணை நீயே போடு.

மச்சான்